தொட்டிலருகே அரசியல் பேசலாம்

குழந்தையோடு வரும் முதல் பண்டிகை விடுமுறையில் அரசியலை ஒதுக்கிவையுங்கள் என்று புதுப் பெற்றோருக்கு ஒரு கட்டுரை அறிவுரை சொல்வதைப் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் மகளுக்கும் இதுதான் முதல் பண்டிகைக் காலம். வீடு நிறைய உறவினர்கள். கைமாறிக் கைமாறி அழுது களைத்துப்போகிறாள். அவளைத் தூங்கவைக்க உட்காரும்போதெல்லாம் என் மனத்தில் ஓடுவது அரசியல்தான். விடுமுறை முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையோ குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பைத்தான் கேட்கிறது. மீதி வாரங்களை யார் தாங்குவது? பெரும்பாலும் பாட்டிமார்கள்தான், அதுவும் ஊதியமில்லாமல். ஸ்வீடனில் 1974லேயே தந்தைக்கும் சேர்த்துப் பெற்றோர் விடுப்பு வந்துவிட்டது. சட்டம் இயற்றித்தான் வந்தது.

கட்சிச் சண்டை வேண்டாம், குழந்தை விழித்துக்கொள்ளும், சரி. ஆனால் பேத்தியைக் கொஞ்சும் பெரியவர்களிடம், ‘வாக்குக் கேட்டு வருபவரிடம் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றியும் கேளுங்கள்’ என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் ஏது? என் மாமனாரிடம் சொன்னேன். காப்பகத்துக்கு உடனே ஒப்புக்கொண்டார். தந்தைக்கு எதற்கு விடுப்பு என்பதில் மட்டும் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார், நாளையும் பேசுவோம்.