'திருச்சபைக்குள் சூழலியல் 2015இல்தான் நுழைந்தது' என்பது சரியா?

"மரம், காலநிலை என்று பேசுவதெல்லாம் போப் பிரான்சிஸ் 2015இல் கிளப்பிவிட்ட புதுச்சரக்கு, பூமியை ஆண்டுகொள்ளத்தான் பைபிள் சொல்கிறது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

போப் பிரான்சிஸ் 2015இல் சூழல் குறித்துச் சுற்றுமடல் (திருச்சபைக்குப் போப் எழுதும் அதிகாரபூர்வ மடல்) வெளியிட்டது உண்மை. ஆனால் அவர் தொடங்கி வைத்தவர் அல்ல. 1967இலேயே வரலாற்றாசிரியர் லின் வைட், சூழல் சீரழிவுக்கு மேற்கத்திய கிறிஸ்தவத்தின் மீது பெரும் பழி சுமத்தினார். அதே கட்டுரையில், இடைக்கால இத்தாலியத் துறவியான அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலப் புனிதராக்கலாம் என்றும் எழுதினார். 1979இல் அப்போதைய போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார்! 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியையும் அவர் சூழலுக்கே ஒதுக்கினார்.

இது கத்தோலிக்கர் விவகாரம் மட்டுமா? அதுவும் இல்லை. செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக 1989இல் அறிவித்தவர் கான்ஸ்டான்டிநோப்பிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் டிமிட்ரியோஸ். கத்தோலிக்கத் திருச்சபை அதைப் பின்பற்றியதுதான் 2015இல்.

சரி, பைபிள்? ஆதியாகமம் 1:28 ஆளச் சொல்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே (2:15) தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்ததாக வருகிறது. லேவியராகமம் 25, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு விடச் சொல்கிறது. பாதி வசனத்தை மட்டும் பகிர்வது வசதியான வேலை.

சபைகள் செயலில் மெதுவாக இருக்கின்றன என்று குறை சொன்னால் அது நியாயம். இங்கிலாந்து திருச்சபையே 2030க்குள் நிகர சுழிய உமிழ்வு (வெளியிடும் கரிமத்தைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது) என்ற இலக்கை 2020இல்தான் ஏற்றது.