இனிப்பு நீர் இரத்தத்தில் மட்டுமா இருக்கிறது?

“இந்தியர்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இரத்தத்திலேயே உண்டு, வறுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்றொரு வாட்ஸ்அப் செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நீரிழிவு இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு, மலாய்க்காரர்களிடம் 22, சீனர்களிடம் 15.1. மரபுக்கு இதில் பங்குண்டு. ஆனால் மாதக் கடைசியில் தோட்டத்து வீட்டு அடுப்படியைப் பாருங்கள்: மீனும் கீரையும் போய், வெள்ளைச் சோறு, மேகி, டின் பால் ஊற்றிய தேநீர். வயிறு நிறைகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. இன்சுலின் போட்டுவிட்டு ஒருவேளை பட்டினி கிடந்தாலோ, சர்க்கரை சரிந்து மயக்கமே வரும். அதற்கு அஞ்சி ஊசியை விட்டவர்களின் கால் புண் எளிதில் ஆறாது. இதையா தலையெழுத்து என்பது?

வீட்டில் சாப்பாடு குறைந்தால் அரசாங்க கிளினிக்கில் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மருந்தை அதற்கேற்ப மாற்றித் தர முடியும்.