சுவரைப் பார்த்த பக்கம்

போன மாதம் ஓசூரிலிருந்து திரும்பும்போது, கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஹைவே ஓரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலில் காபிக்கு நிறுத்தினோம். உள்ளே ஒரு சுவர் முழுக்கப் பழைய இசைத்தட்டு ரெக்கார்டு. பெரிய எல்.பி. தட்டும் சின்னத் தட்டுமாகக் கலந்து ஒட்டி, மேலே மஞ்சள் பல்பு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காபி இறங்கவில்லை.

எழுந்து போய் ஒவ்வொன்றாக லேபிள் படித்தேன். பெரும்பாலும் பழைய பக்திப் பாடல், வசனத் தட்டு, இந்திப் படம். தோள் உயரத்தில் ஒரு ஏழு அங்குலத் தட்டு, எபிக் கம்பெனி லேபிள். பிரிட்டிஷ் பாப் குழு வாமின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. நகத்தை விட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. பின்பக்கம் டபுள் சைடு டேப்.

எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தத் தட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. 1984 டிசம்பரில் பிரிட்டனில் வந்தபோதே இரண்டு பக்கமும் முன்பக்கம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் பாட்டு, மறுபக்கம் 'எவ்ரிதிங் ஷி வான்ட்ஸ்'. அந்த வருடம் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டதால், இது இரண்டாம் இடத்தோடு நின்றது. அந்த பேண்ட் எய்ட் தட்டிலும் வாம் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கிறார். இந்தத் தட்டின் ராயல்டியையும் வாம் அதே பஞ்ச நிவாரணத்துக்கே கொடுத்தது. கிறிஸ்துமஸ் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வர 2021 ஜனவரி ஆனது. ஆனால் மறுபக்கப் பாட்டு 1985-லேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்துவிட்டது. அந்தப் பக்கத்தைத்தான் சுவரோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

"எல்லாம் யூடியூப்ல இருக்கே, எதுக்கு இந்தத் தட்டு?" என்று என் மகன் உட்படப் பலரும் கேட்கிறார்கள். பாட்டு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் தட்டு, ஆல்பத்திலிருந்து பிய்த்துக் கொடுத்த துண்டு இல்லை. ரேடியோவுக்காகச் சுருக்கிய வடிவம் ஒன்று, டிஸ்கோவுக்காக நீட்டிய பன்னிரண்டு அங்குல வடிவம் ஒன்று என்று ஒரே பாட்டுக்கு அன்றைக்கு இரண்டு மூன்று உருவம் இருந்தது. பின்பக்கத்திலோ, ஆல்பத்தில் இடம் கிடைக்காத பாட்டை வைப்பார்கள். அயர்லாந்து ராக் குழு யூ2-வின் 'ஸ்வீட்டஸ்ட் திங்' 1987-ல் வேறொரு பாட்டின் முதுகில்தான் வந்தது. அதையே 1998-ல் மறுபடி பதிவு செய்து, முன்பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். பதினோரு வருடம் முன்னாலேயே தட்டைத் திருப்பிப் போட்டவர்களுக்கு அந்தப் பாட்டு அப்போதே கிடைத்துவிட்டது.

தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது சித்தப்பாவின் தகரப் பெட்டி. காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், மாரியம்மன் திருவிழா, காதுகுத்து எதுவாக இருந்தாலும் பெட்டி நிறைய ஈ.பி. என்கிற சின்னத் தட்டுடன் போவார். வெளியில் ஆடும் மேசையில் பிளேயரை வைத்தால் ஊசி துள்ளும். துள்ளாமல் இருக்க, ஊசித் தலைமேல் ஒரு 50 காசு நாணயத்தை வைத்துவிடுவார். அந்தக் காலத்து 50 காசு 5 கிராம். இன்று என் பிளேயரில் ஊசியின் மொத்த பாரமே 2 கிராம்தான். அந்த நாணயப் பாரத்தோடு ஒரே பாட்டை ஒரு சீசனுக்கு நூறு தடவை ஓட்டினால் தட்டு என்ன ஆகும்? அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜனங்கள் கேட்ட பக்கமெல்லாம் சாம்பல் பூத்து நரைத்திருந்தது. திருப்பினால், மறுபக்கம் கறுகறுவென்று கண்ணாடி மாதிரி. அந்தப் பக்கங்களைத்தான் முதலில் கேட்க ஆரம்பித்தேன். சித்தப்பாவே முழுசாகக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அவருக்கு நேரம் ஏது.

ஆங்கிலத் தட்டுகள் என்னிடம் வந்தது கோலார் தங்கவயலிலிருந்து. இங்கிருந்து குப்பம் வழியாகப் போனால் பக்கம்தான். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்து நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டை விற்றுக்கொண்டு கிளம்பின. பழைய சாமான் எடுக்கும் ஒருவர் மூலமாக ஒரு பிஸ்கட் டின் எனக்குக் கிடைத்தது. உள்ளே சுமார் அறுபது சிங்கிள். யாரோ வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வாங்கி வந்திருக்க வேண்டும். லேபிள் ஓரத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், பிடித்த பக்கத்துக்கு அடையாளமாக. எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டுத் தட்டில் நட்சத்திரம் பி சைடில், அதாவது பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இரண்டு பக்கமும் கேட்டவர்கள்.

அந்த டின்னில் 1990-க்குப் பிந்தைய தட்டு ஐந்துதான். அது அவர்கள் வாங்காமல் விட்டதால் மட்டும் இல்லை. கேசட் சிங்கிளும் சி.டி. சிங்கிளும் வந்த பிறகு கம்பெனிகள் தட்டு அச்சடிப்பதையே குறைத்துக்கொண்டன. அமெரிக்காவில் தொண்ணூறுகளில் பல சிங்கிள்கள் காசு போட்டால் பாட்டு ஓட்டும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களை மனதில் வைத்தே தட்டாக வந்தன. அதனால்தான் கோடிக்கணக்கான பேர் கேட்ட ஒரு தொண்ணூறுகளின் ஹிட் பாட்டு, தட்டாகத் தேடினால் எண்பதுகளின் சுமாரான பாட்டைவிட அரிதாக இருக்கிறது. சேகரிக்க ஆரம்பிக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழையது என்பதால் அரிது என்று விலை சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்கத் தட்டுக்கு நடு ஓட்டை பெரிது, 38 மில்லிமீட்டர். நம் பிளேயரின் கம்பியில் போட்டால் ஆடும். ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் அளவு கொடுத்து, அந்த ஓட்டையில் பொருந்த, பித்தளையில் ஒரு வில்லை கடைந்து வாங்கினேன். காசு வாங்க மறுத்துவிட்டார். பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கையில் கிரீஸோடு நின்றபடியே ஒரு தட்டு முழுசும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஓட வேண்டிய பொருளைத்தான் சுவரில் ஒட்டுகிறார்கள், நடுவில் முள் வைத்துக் கடிகாரம் செய்கிறார்கள், சூடு காட்டி வளைத்துத் தின்பண்டக் கிண்ணமாக விற்கிறார்கள். உடைந்த தட்டை, ஊசி ஏறாத தட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, லேபிளைப் படியுங்கள். அலங்காரத்துக்கு வாங்குபவர்களை மட்டும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் சேகரிப்பாளர்கள் மேலும் எனக்கு அதே கோபம்தான். அவர்கள் வீட்டில் இரண்டு பக்கமுமே ஊமை.

அந்த ஹோட்டல் கல்லாவில் இருந்த பையன் நல்ல பையன். "டெக்கரேஷனுக்குக் கிலோ கணக்குல வந்துச்சுங்க சார்" என்றான். "தம்பி, இது ஒண்ணு மட்டும் குடுங்க, இதே சைஸ்ல வேற தட்டு நாளைக்கே கொண்டாந்து தர்றேன்" என்றேன். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக எடுத்துக் கொடுத்தான். மறுநாள் சித்தப்பா பெட்டியிலிருந்து, இரண்டு பக்கமும் தேய்ந்துபோன தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓரத்திலிருந்து லேபிள் வரை கூட்டல் குறி மாதிரி நான்கு கோடாக டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் பஞ்சு வந்துவிட்டது, பிசின் வரவில்லை. ஆல்கஹால் போட்டுத் துடைக்க எனக்குப் பயம். தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, பள்ளம் ஓடும் திசையிலேயே உருட்டி உருட்டி எடுக்கிறேன். பிறகு லேபிளில் ஈரம் படாமல், ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுகிறேன். ஒரு கோட்டுக்கு மூன்று நான்கு ராத்திரி ஆகிறது. முதல் நாள் பிளேயரில் வைத்தபோது ஒரு சுற்றுக்கு நான்கு டிக் சத்தம், நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் 180. பாட்டே கேட்கவில்லை. நேற்று ராத்திரி, ஒரு சுற்றுக்கு ஒன்றுதான்.