காதுக்கடி வேறு, சிறை வேறு

அண்ணே, குத்துச்சண்டை வீரர் மைக் டைசனைப் பற்றி, ‘டைசன் காதைக் கடித்ததற்குத்தான் சிறைக்குப் போனார், பலாத்கார வழக்கு அப்பீலில் உடைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழ். 1992 பிப்ரவரியில் இண்டியானாபொலிஸ் நடுவர் குழு, 18 வயதுப் பெண்ணைப் பலாத்காரம் செய்த குற்றவாளி என்றது. ஆறு ஆண்டு தண்டனை. ஏறத்தாழ மூன்று ஆண்டு உள்ளே இருந்து 1995 மார்ச்சில் வெளியே வந்தார். அப்பீலா? 1993இல் இண்டியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. அவர் மறுத்துக்கொண்டே இருக்கிறார், அது வேறு.

போட்டியில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது 1997 ஜூனில். அதற்கு 30 லட்சம் டாலர் அபராதம், லைசென்ஸ் ரத்து, அவ்வளவுதான்.

மன்னார்குடியில் எங்கள் ஜிம் சுவரிலும் அவர் படம்தான். அதைப் பார்த்துத்தான் நானும் குத்துப் பழகினேன். அப்புறம், அந்தப் பெண் ‘பணத்துக்காகப் பொய் சொன்னாள்’ என்று போட்ட வரியை எடுத்துவிடுங்கள்.