அம்மாவின் கை பெரிசில்லை, உங்கள் சட்டையின் கைதான் சின்னது

2024 தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனுக்குப் போனேன். அன்றைக்கு நடந்தது இன்னும் நெஞ்சில் எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்தில் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்தக் காசைப் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று தெரிந்தும், தீபாவளிக்குச் சாரி எடுக்காமல் இருக்க முடியுமா? அம்மா ஊதா நிறத்தில் ஒன்றைத் தானே தேடி எடுத்தார். அதற்குச் சேர்கிற மாதிரி தைத்த ஜாக்கெட் ஒன்றும் அதே கடையில் தொங்கியது. சைஸ் 38, விலை 2700 ரூபாய். நாட்சம்பளம் 1350 ஆகி அப்போதுதான் ஒன்றிரண்டு மாதம். ஆக அந்த ஜாக்கெட் அம்மாவுக்கு இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம்.

ஒரு மூலையில் திரை கட்டிய இடத்தில் போட்டுப் பார்த்தோம். நெஞ்சு சரி, இடுப்பு சரி, கழுத்து சரி. கைதான் ஏறவில்லை. முழங்கைக்கு மேலே பாதியில் வந்து இறுகி நின்றுவிட்டது. அம்மா கொஞ்சம் இழுத்தார், கக்கத்துப் பக்கம் தையல் விட்டுவிட்டது. திரைக்கு வெளியே நின்ற விற்பனைப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அம்மாவுக்குக் கை பெருசு மிஸ். ஆம்பளைக் கை மாதிரி. இந்தக் கைக்கெல்லாம் ரெடிமேட் கெடைக்காது." துணி மடித்துக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளை சிரித்தது. அம்மாவும் சிரித்தார். கையைச் சாரித் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் கல்லாவில் இருந்தவர், தையல் விட்டதை இனி விற்க முடியாது, நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எடுத்துக்கொண்டோம். ஏறாத சட்டைக்கு இரண்டு நாள் பேரை எண்ணி வைத்துவிட்டு பஸ் ஏறினோம். தலவாக்கலை வரைக்கும் அம்மா எதுவும் பேசவில்லை. இறங்கும்போது, "இனி எனக்கு ரெடிமேட் வேணாம்மா, பழசே போதும்" என்றார்.

அந்தக் கையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்துமூன்று வருஷமாகக் கொழுந்து எடுக்கிற கை அது. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ கணக்கு, குறைந்தால் அரைப்பேர்தான். படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கழுத்தை முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் நெஞ்சுயரத்துக்கு நீட்டியபடியே நாள் முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். மேல்கை திரண்டிருக்கும், தோள் அகன்றிருக்கும். முதுகின் மேற்பக்கம் லேசாக வளைந்திருக்கும். மலை ஏறி இறங்கிய கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று இந்தப் பக்கத்து உடுப்புக் கடைகள் எல்லாம் தீபாவளிக்கு நம்பியிருப்பது இந்த உடம்புள்ள பெண்களைத்தான். அவர்கள் காசை வாங்கி ஓடுகிற கடையில் அவர்கள் கைக்கு ஒரு சட்டை இல்லை. அதற்கு மேலே உடம்பு பிழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

பெரிய சைஸ் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தாயிற்று. 42 போட்டால் கை ஏறும், ஆனால் கழுத்து தோளை விட்டு நழுவும், முன்பக்கம் பை மாதிரித் தொங்கும். ஏன் என்றால் ரெடிமேட் வெட்டுகிறவர்கள் ஒரே ஒரு அளவுக்கு மாதிரி வெட்டிக்கொண்டு, அதையே ஒவ்வொரு சைஸுக்கும் இத்தனை அங்குலம் என்று பெருக்கிக்கொண்டே போகிறார்கள். நெஞ்சு பெருத்தால் கையும் பெருக்கும், கழுத்தும் அகலும் என்பது அவர்கள் கணக்கு. நெஞ்சு 38, மேல்கை 14 அங்குலம் என்று ஒரு பெண் இருப்பாள் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலே மட்டும் அப்படிப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்குகள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தபோது கோபம் இன்னும் கூடியது. 1939, 1940இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒரு பெண்ணுக்கு 59 அளவுகள். பெண் உடம்பை இவ்வளவு பெரிய அளவில் அளந்து சைஸ் கட்டப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளையரல்லாத பெண்களையும் சில இடங்களில் அளந்தார்கள், ஆனால் கணக்கு முடிக்கும்போது அந்த அளவுகளை ஒதுக்கிவிட்டார்கள். அதை வைத்து 1958இல் தர அளவுகள் வெளியிட்டு, உடம்புகளுக்கு ஒத்துவராமல் 1983இல் அதையும் கைவிட்டார்கள். அளந்த நாட்டிலேயே நிற்காத விஷயம் இது. இங்கேயோ கொழுந்து எடுக்கிற பெண்ணை யாரும் நாடா வைத்து அளந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு எந்தத் துணிச்சலில் கை பெரிசு என்கிறார்கள்? எதைவிடப் பெரிசு?

அடுத்தது இந்த உடம்பு வடிவ ஆலோசனைகள். போனைத் திறந்தால் நீங்கள் பேரிக்காயா, ஆப்பிளா, மணல் கடிகாரமா என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்துவிடுவாள். எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், மற்றதை மறைக்க வேண்டும். கை தடிப்பா, நீளக் கை போட்டு மறை. இடுப்பு அகலமா, கறுப்பு உடுத்து மறை. நுவரெலியாவில் ஆறு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்க முடியாது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. அவர்கள் சொன்னபடி இடுப்பில் பட்டி வைத்து வெட்டிய சுடிதாரை வாங்கிப் போட்டு அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டினால் பட்டி எங்கே தெரியும்? இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஸ்வெட்டரின் நீளம். இடுப்பின் அகலமான இடத்தில் வந்து அது முடிந்தால் யாருக்கும் அகலமாகத்தான் தெரியும். நாலு அங்குலம் மேலேயோ கீழேயோ முடிந்தால் சரி. இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மே, ஜூன் மழையில் தரை கூட்டுகிற அகலக் கால் பலாசோவைப் போட்டுக்கொண்டு லயத்துப் படியில் இறங்கினால் முழங்கால் வரை சேறு என்பதையும் அவர்கள் யாரும் சொல்வதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தினமும் சாரிதான். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடே அதைப் பற்றிப் பேசியது, கல்வி அமைச்சு சாரிதான் என்று சொல்லிவிட்டது. சாரி எந்த உடம்புக்கும் பொருந்தும் என்று அப்போது எல்லாரும் வாய் நிறையச் சொன்னார்கள். ஐந்தரை மீட்டர் துணி எந்த உடம்பையும் சுற்றத்தான் செய்யும். குட்டையான பெண் சின்னக் கரையும் ஒடுங்கிய கொசுவமும் எடுத்தால் அழகு, ஒல்லியான பெண்ணுக்கு விறைப்பான பருத்தி நிற்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் சாரியோடு ஜாக்கெட் என்று ஒன்று இருக்கிறதே. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஜாக்கெட் மேலே ஏறி முதுகு தெரிகிறது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் இடது கையால் அதைக் கீழே இழுத்துக்கொண்டே எழுதுகிறேன். பதினோரு வருஷமாக.

டவுனில் தைக்கக் கொடுத்தால் ஆகாதா? ஆகாது. நாடாவை எடுத்து அளக்கிற தையல்காரரை இப்போது காண்பதே அரிது. "அளவு சட்டை கொண்டாங்க மிஸ்" என்கிறார்கள். அளவு சட்டை என்று நான் கொடுப்பது அவரே போன தடவை பிழையாகத் தைத்தது. அதைப் பார்த்து அதே பிழையை அப்படியே புதுத் துணியில் தைத்துத் தருவார். என் பெரியம்மாவின் அளவு சட்டை அவருக்கு முப்பது வயதில் தைத்தது. மூன்று பிள்ளை பெற்று ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தச் சட்டையிலிருந்துதான் அவருக்குப் புதுச் சட்டை வருகிறது. கேட்டால், "நீங்க ஒடம்பு வச்சிட்டீங்க" என்பார்கள்.

இதில் என்னால் பொறுக்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. என் சித்தி மகள் ஒன்பது வருஷம் காமெண்டில், ஆடைத் தொழிற்சாலையில், இருந்தாள். லைனில் அவள் வேலை கை ஏற்றுவது. காலையிலிருந்து இரவு வரை சட்டைக்குக் கை ஏற்றுவது, வேறு எதுவும் இல்லை. அவள் சொல்லுவாள், கால் அங்குலம் பிசகினால் தரம் பார்க்கிற கியூசி திருப்பி அனுப்பிவிடும் என்று. வெளிநாட்டு ஓடர்களில் குட்டையான பெண்களுக்கு ஒரு வரிசை, உயரமானவர்களுக்கு ஒரு வரிசை, பருத்தவர்களுக்கு ஒரு வரிசை என்று தனித்தனி அளவுச் சீட்டு வருமாம். கையின் சுற்றளவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் திறந்தது, 1992இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் ஊர் ஊராக 200 ஆடைத் தொழிற்சாலை என்ற திட்டம் வந்தது. இன்றைக்கு இந்த நாடு வருஷத்துக்கு நாலு பில்லியன் டொலருக்கு மேல் உடுப்பு ஏற்றுமதி செய்கிறது. அந்த மெஷின்களுக்கு முன்னால் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் குனிந்து இருந்திருக்கிறார்கள்! உலகத்துப் பெண்கள் அத்தனை பேரின் கைக்கும் அளவு பார்த்துத் தைக்கிற எங்கள் பிள்ளைகள் லீவில் ஊருக்கு வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது 'ஃப்ரீ சைஸ்' என்று சீட்டு ஒட்டிய குர்த்தா. யாருடைய உடம்பையும் பார்க்காமல் வெட்டியதற்குத்தான் ஃப்ரீ சைஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊதா ஜாக்கெட்டைச் சித்தி மகளிடம்தான் கொண்டுபோனேன். திருப்பிப் போட்டு உள் தையலைக் காட்டினாள். "பாருங்கக்கா, பிரிச்சு விடக்கூடத் துணி இல்ல. கால் அங்குலந்தான் விட்டிருக்கான். ரெண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டிருந்தா பெரியம்மாவுக்கு அப்பவே சரி பண்ணியிருக்கலாம்." துணி மிச்சம் பிடித்தது கடைக்கு லாபம், கை பெரிசு என்ற பேச்சு அம்மாவுக்கு.

பிறகு அவள் சொல்லித்தான் என் கரும்பலகைக் கதையும் எனக்கு விளங்கியது. கை வசதியாக இருக்கட்டும் என்று தையல்காரர்கள் ஆம்ஹோலை, அதாவது கை ஏற்றுகிற வளைவை, ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். பிழை அங்கேதான். ஆம்ஹோல் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கினால் சட்டை முழுக்க அதோடு மேலே போகும். ஆம்ஹோல் கக்கத்தை ஒட்டி உயரமாக இருக்க வேண்டும், கையின் அகலத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும். மேல்கையின் சுற்றளவுக்கு மேலே ஒன்றரை அங்குலமாவது தளர்ச்சி வேண்டும். கை முடிகிற இடம் மேல்கையின் தடித்த இடத்தில் வரக்கூடாது, முழங்கைக்குப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும். முதுகு வளைந்தவர்களுக்குப் பின்பக்கத்து நீளம் அரை அங்குலம் கூட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை பின்னால் தூக்கிக்கொள்ளும். இவ்வளவுதான். ஒரு நாடாவும் இரண்டு நிமிஷமும் எடுத்துக்கொண்டால் தெரிகிற விஷயம். இதைச் செய்யாமல் எங்கள் அம்மாக்களை வெட்கப்பட வைத்தே கடையை ஓட்டுகிறீர்களே, எப்படி மனசு வருகிறது?

அம்மாவை விளக்கடியில் நிற்கவைத்து அவள் அளந்தாள். வலது கை 14, இடது கை பதின்மூன்றரை. முதுகு நீளம், தோள், கக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். சாரியோடு வந்த துண்டில் சாய்சதுரமாக இரண்டு துணி வெட்டி இரண்டு கக்கத்திலும் ஒட்டு வைத்தாள், கையின் உட்பக்கத் தையலில் நீளமாக ஒரு பட்டி சேர்த்தாள். போட்டுவிட்டு, "பெரியம்மா, கொழுந்து எடுக்கிற மாதிரி கைய நீட்டுங்க" என்றாள். அம்மா இரண்டு கையையும் நீட்டினார், பிறகு கூடைக்குள் போடுகிற மாதிரித் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். எங்கேயும் இழுக்கவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு தச்சுக் குடு" என்றார் அம்மா.