சுண்ணாம்புக்கு அக்டோபர் 2, மெழுகுவர்த்திக்கு நவம்பர் 2

நவம்பர் 2, கத்தோலிக்கர்கள் இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். அன்று காலையில் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாலும் ஒரே காட்சிதான். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் மாலை. வெளியூரிலிருந்து வந்த குடும்பம் பதினோரு மணிக்கு வெள்ளையடிக்கும். பன்னிரண்டு மணிக்கு அந்த ஈரத்தின் மேலேயே ரோஜா இதழைத் தூவும். சாயங்காலம் கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்போது கல்லறை முழுக்கக் கறைத் திட்டு. அடுத்த வாரம் மழை. கார்த்திகை பிறக்கும்போது பழைய கருஞ்சாம்பல் நிறம் திரும்பியிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற கணக்கே தப்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்கப்புறம் சிமென்ட் பூச்சு உள்ளுக்குள் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்; மேலே எதை அடித்தாலும் செதில் செதிலாக உரியும். காந்தி ஜெயந்தி விடுமுறை சரியாக ஒரு மாதம் முன்னால் வருகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலாண்டு லீவும் அதை ஒட்டித்தான். வேலையை அன்றைக்கு முடியுங்கள். நவம்பர் 2 வேண்டுதலுக்கு இருக்கட்டும்.

அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப்பேர் காசைக் கொட்டிக் கெடுப்பது இங்கேதான். முதலில் புல். மேலே அரிவாளால் சீவினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி, வேரோடு பிடுங்க வேண்டும். விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டி விட்டுவிட்டு வராதீர்கள். அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி, வேரை எடுத்து, சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். பாசிக்குத் தேங்காய் நார், தண்ணீர், கை வலி, இவ்வளவு போதும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பளிங்கும் சிமென்டும் ஆசிட்டில் அரிக்கும். பளபளப்பு போய்ச் சொரசொரப்பானால் அடுத்த பாசிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஏழடிக்கு மூன்றடி, இரண்டடி உயரமுள்ள கல்லறை என்றால் மேலும் பக்கமும் சேர்த்து ஏறக்குறைய அறுபது சதுர அடி. இரண்டு கிலோ சிப்பிச் சுண்ணாம்பு தாராளம். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்து முகத்தில் தெறிக்கும். இரும்பு வாளி நல்லது, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் சோற்றுக்கஞ்சி சேர்த்தால் கையில் ஒட்டாது. சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொன்று. முதல் பூச்சு அடிக்கும்போது தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் கெட்டியாக அப்புகிறவர்களின் கல்லறைதான் பொருக்குத் தட்டி உதிர்கிறது.

"பெயின்ட் அடித்தால் ஐந்து வருஷம் இருக்குமே" என்பார்கள். வீட்டுச் சுவரில் இருக்கும். மண்ணிலிருந்து ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பெயின்ட் மூச்சு விடாது, கொப்புளம் கட்டும். பெயின்ட் வேண்டியது இரும்புச் சிலுவைக்கு. துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன்மேல் எனாமல். கடல் காற்றில் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருக்கும்.

புதுக் கல்லறைக்கு அவசரப்பட்டுக் கிரானைட் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலமாவது மண் இறங்கி முடியட்டும், இல்லையென்றால் பலகை நடுவில் விரியும். அதற்கும் முன்னால் பங்கு அலுவலகத்தில், அதாவது ஊர்க் கோயில் அலுவலகத்தில், கேளுங்கள். எல்லாப் பங்கிலும் நிரந்தரமாகக் கட்ட விடுவதில்லை; குழியை மறுபடி பயன்படுத்தும் ஊர்களில் கட்டின பிறகு சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விஷயம்.

இனி நவம்பர் 2. பூசையும் மந்திரிப்பும் பல ஊர்களில் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும். நேரத்தை முந்தின ஞாயிறே விசாரித்துவிடுங்கள். மெல்லிய மெழுகுவர்த்தி வேண்டாம். மதிய வெயிலில் வளைந்து விழும், சாயங்காலக் காற்றில் ஐந்து நிமிடம் நிற்காது. ஒரு அங்குலத் தடிமனில் குட்டையானது வாங்குங்கள். அந்த மாதம் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. அதனால் தலைமாட்டுக் கல்லுக்குத் தென்மேற்குப் பக்கம், மணலில் ஒரு கையளவு ஆழத்துக்குக் குழி பறித்து, அதற்குள் நிறுத்துங்கள். சுடர் மண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அணையாது. தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்கும் வித்தை பாதியில் உருகி நாறும். கிரானைட்டில் மெழுகு வழிந்துவிட்டால் சூட்டோடு துடைக்காதீர்கள், பரவும். இறுகட்டும், பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினால் தகடாக வந்துவிடும். மாலையின் நைலான் நூலை உருவிவிட்டுப் பூவை மட்டும் வையுங்கள். இரவில் ஆடு வரும், பூவோடு நூலையும் தின்னும்.

அன்றைக்கு லீவு கிடைக்காதவர்கள் தவிக்க வேண்டியதில்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கு வரையறுக்கப்பட்ட விடுப்பில் அது உண்டு. மற்றவர்களுக்கு, நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வேண்டினாலும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை முதலியவற்றோடு சேர்ந்து இறந்தோருக்கான பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) உண்டு என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஐந்தாம் தேதி போனால் பூ விலையும் இறங்கியிருக்கும், தாத்தா பக்கத்தில் உட்காரவும் இடமிருக்கும்.

கல்லறைக்குப் போய்விட்டுத் தின்பண்டம் வாங்குவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம் மரியாதையாகவே மாறுபடுகிறேன். பாட்டியின் பெயரும் மக்ரூன் வாசனையும் ஒன்றாகப் பதிந்த பிள்ளை, நாளைக்கு யாரும் கூப்பிடாமலே அந்த ஊருக்கு வரும்.

ஆனால் வாங்கத் தெரிந்து வாங்குங்கள். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திரும்பினால் மக்ரூன். உடன்குடி, சாத்தான்குளம் வழியாகத் திரும்பினால் கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத் அல்வாவும். சாயங்காலப் பூசையையும் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் போக நேரம் பத்தாது.

மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித்தூள் மட்டும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி எடுப்பது. அதனால் ஈரத்துக்கு அது ஜென்ம விரோதி, நவம்பரோ மழை மாதம். திறந்த தட்டில் இருப்பதை வாங்காதீர்கள். ஒன்றைக் கேட்டுக் கடித்துப் பாருங்கள்: மேல் ஓடு நொறுங்கி, உள்ளே முந்திரி நறநறவென்று கரைய வேண்டும். பல்லில் இழுத்தால் காற்று பட்டுவிட்டது. கால் கிலோப் பொட்டலங்களாக வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவில் அப்படியே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பசை.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லா மூட்டையிலும் அந்தப் பெயர். பதநீர் காலம் அதற்குள் முடிந்திருக்கும், நவம்பரில் கிடைப்பது இருப்புச் சரக்கு, அது குறையில்லை. உடைத்த பக்கம் மங்கலாக இருக்க வேண்டும், படிகம் படிகமாக மின்னினால் சீனி கலந்தது.

மஸ்கோத்தில் நெய் தேடாதீர்கள். மைதா பாலும் சீனியும் தேங்காய்ப் பாலும் காய்ந்து, தேங்காய் எண்ணெய் பிரிகிற வரை கிண்டுவதுதான் அதன் பக்குவம். பொட்டலத்தின் அடியில் எண்ணெய் கசிந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், கார் சீட்டில் ஒரு தினத்தாளை விரித்து வையுங்கள்.