தெருவை நம்பி வீடு வாங்காதீர்கள்

தர்மபுரி டவுனுக்குள் பழைய வீடு தேடுகிறவர்கள் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். காரை எங்கே விடுவீர்கள் என்று கேட்டால் மட்டும், "வாசல்ல விட்டுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். அந்த வாசல் உங்கள் கிரயப் பத்திரத்தில் வராது. அது ஊருக்குப் பொதுவான தெரு.

சித்தப்பா மகன் குமாரசாமிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, "விலை படியுதுண்ணா, அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?" என்றான். "தெரு எத்தனை அடிடா?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. டேப்போடு போய் அளந்தோம். 12 அடி. அதில் சாக்கடை ஒரு அடிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. அவனுடைய ஸ்விஃப்ட்டின் அகலம் 1,735 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் அடி. பக்கக் கண்ணாடிகள் தனி. மிச்சத்தில் பைக் போகும், 108 நுழையாது. நேதாஜி பைபாஸ் ரோட்டில் அவ்வளவு பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தும், நெஞ்சுவலி வந்தவரைத் தெருமுனை வரை நாற்காலியில் தூக்கிப் போக வேண்டும் என்றால் அது யாருடைய குற்றம்? காரை அங்கே விட்டவருடையது என்றுதான் நான் சொல்வேன்.

அதற்காக அப்படிப்பட்ட வீடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடைவீதி, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரம். வயதான அப்பா அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் கார் நிறுத்தும் செலவும் வீட்டு விலையில் சேர்ந்ததுதான். அக்கம்பக்கத்தில் காலி மனையோ ஷெட்டோ மாத வாடகைக்குக் கிடைக்குமா, எவ்வளவு கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பத்து வருட வாடகையைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும். இடம் கிடைத்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், எழுதி வாங்குங்கள். மனைக்காரர் வீடு கட்ட ஆரம்பித்தால் மறுநாளே வண்டியை எடுக்கச் சொல்வார்.

வீட்டைப் பகலில் பார்த்தால் போதாது. வேலைக்குப் போன வண்டிகள் எல்லாம் திரும்பிய பிறகு, ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். குமாரசாமிப்பேட்டை, தைப்பூசத்துக்குப் பெண்களே வடம் பிடித்துத் தேர் இழுக்கிற ஊர்ப்பகுதி. தேர் வரும் தெருவாக இருந்தால் அன்றைக்கு வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஜப்பானில் 1962-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று தந்தால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடமும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் ஆசை. லோன் கிடைக்கிறது என்பதற்காகவே காரை எடுத்து, பாரத்தைத் தெருவின் தலையில் கட்டுகிறோம்.

முன்திண்ணையை இடித்துக் கார் விடலாம் என்பார்கள். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். பழைய வீடுகளில் முன்சுவர்தான் கூரையைத் தாங்கும், பக்கச் சுவர் பல இடங்களில் பக்கத்து வீட்டோடு பொது. இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டாமல் ஒரு செங்கல்லையும் உருவாதீர்கள். அப்படியே இடம் கிடைத்தாலும், கார் ஏறுவதற்குச் சாக்கடை மேல் சிமெண்ட் சரிவு போட்டு அடைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய மழை வந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் பக்கத்து வீட்டு அடுப்படிக்குத்தான் போகும்.